நசரே: பேரலை காணக் கொங்கு நாட்டிலிருந்து புறப்படுவோர்க்கு

போர்த்துகலின் மேற்குக் கரையில், லிஸ்பன் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நசரே என்னும் மீனவர் ஊர், உலகிலேயே மிக உயரமான அலைகளில் மனிதர் பலகையேறிச் சறுக்கும் இடமாகப் பெயர் பெற்றிருக்கிறது. திருப்பூர், கரூர், கோவை வட்டாரங்களிலிருந்து தொழில் நிமித்தமாக ஆண்டுதோறும் ஐரோப்பா சென்று வருவோர் பலர். அவர்களுள் சிலர் இந்த ஊரையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ள விரும்பக்கூடும். அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பேரலைக்கு முன்பதிவு கிடையாது என்பதுதான். விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் விசாவுக்கும் நாள் குறிக்கலாம். அலைக்குக் குறிக்க முடியாது. ஆகவே இந்தப் பயணத்தில் காத்திருப்பதற்கென்று சில நாட்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். மற்ற ஏற்பாடுகள் யாவும் அதற்கு அடுத்துத்தான்.

பேரலைக் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. வட அட்லாண்டிக் கடலில் குளிர்காலப் புயல்கள் எழும் மாதங்கள் அவை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் மே மாதத்தில் குடும்பத்தோடு சென்றால், வெயிலும் மணலும் பல நிறக் கூடாரங்களும் கொண்ட ஒரு குளியல் கடற்கரையைத்தான் காண முடியும். அதுவும் நல்ல இடமே, ஆனால் தொலைக்காட்சியில் பார்த்த நசரே அதுவன்று. குளிர்காலத்திலும் எல்லா நாளும் மலைபோல் அலை எழுவதில்லை. பெரிய நாட்கள் ஒரு பருவத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. நடுத்தரமான, ஆனாலும் நம் கண்ணுக்கு மிகப் பெரிதாகத் தோன்றும் நாட்கள் அடிக்கடி வரும். ஊரில் ஒரு வாரமேனும் தங்க இயன்றவருக்கே வாய்ப்பு உண்டு. லிஸ்பனிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றுலாவில் பேரலையைக் கண்டால் அது முழுக்க நல்லூழ்.

கரூரின் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியாளர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பிராங்க்பர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சி ஜனவரியில் வருகிறது. நசரேயின் பருவமும் அப்போது உச்சத்தில் இருக்கும். பிராங்க்பர்ட்டிலிருந்து லிஸ்பனுக்கு மூன்று மணி நேர விமானப் பயணந்தான். கண்காட்சி முடிந்தவுடன் ஊர் திரும்பாமல் ஒரு வாரத்தை இதற்கு ஒதுக்குவது, தனியாக ஒரு பயணம் போவதைவிடச் செலவும் அலைச்சலும் குறைந்த வழி.

அந்த அலை அங்கு மட்டும் ஏன் எழுகிறது என்பதை அறிந்துகொண்டால், எந்த நாளில் எங்கு நிற்க வேண்டும் என்பது தானே விளங்கும். ஊரின் வடக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு நேர் எதிரில், கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அது 200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, தன் ஆழமான பகுதியில் ஏறத்தாழ 5,000 மீட்டர் வரை இறங்குகிறது. மற்றக் கரைகளில் தொலைவிலிருந்து வரும் அலை, ஆழம் குறைந்த கடலடித் தரையில் உராய்ந்து சிறிது சிறிதாக வலுவிழந்தே கரையை அடைகிறது. இங்கோ, மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால் ஆடிக்காற்று தடையின்றிப் பொள்ளாச்சிப் பக்கம் புகுந்து வீசுவதுபோல, பள்ளத்தாக்கின் வழியே வரும் அலை வேகமும் வலுவும் குறையாமல் கரைக்கு அருகில் வந்துவிடுகிறது. அதே அலையின் மற்றொரு பகுதி பள்ளத்தாக்கின் வடக்கேயுள்ள ஆழமற்ற பரப்பின்மீது மெதுவாக வருகிறது. பள்ளத்தாக்கின் விளிம்பில் வளைந்து திரும்பும் பகுதியும் இதுவும் முனைக்கு வடபுறத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது உயரம் பெருகுகிறது. கரையோரமாக ஓடி அலைக்கு எதிராகத் திரும்பும் நீரோட்டம் அதை இன்னும் சற்று உயர்த்துகிறது. அந்த வடபுறக் கடற்கரையின் பெயர் பிராயா தோ நோர்த்தே. முனைக்குத் தெற்கே, ஊரை ஒட்டியிருக்கும் கடற்கரையில் அதே நாளில் அலை பன்மடங்கு சிறியதாக இருக்கும். தெற்குக் கடற்கரையில் நின்றுகொண்டு, கேள்விப்பட்டதெல்லாம் மிகை என்று எண்ணித் திரும்புவோரும் உண்டு. இரண்டு கரைகளுக்கும் இடையே அந்த முனை ஒன்றுதான் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன்பும் அங்கிருக்கும்போதும் கடல் முன்னறிவிப்பை நாள்தோறும் பார்க்கப் பழக வேண்டும். விண்ட்குரு, சர்ஃப்லைன் ஆகிய தளங்களும், போர்த்துகலின் வானிலை நிறுவனமான ஐ.பி.எம்.ஏ.வின் தளமும் போதும். அவற்றில் மூன்று செய்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, தூரத்துப் புயல் கிளப்பிவிட்டு உருண்டு வரும் அலையின், அதாவது ஸ்வெல்லின், உயரம். அடுத்து, ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஆகும் நொடிகள். புதிதாகப் பார்ப்போர் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுவார்கள். என் கணிப்பில் நொடிகளே முதன்மையானவை. நான்கு மீட்டர் உயரமும் ஒன்பது நொடி இடைவெளியும் உள்ள கடல் வெறும் கொந்தளிப்பு. அதே நான்கு மீட்டர் பதினாறு நொடி இடைவெளியில் வந்தால் அது முற்றிலும் வேறு கடல். நீண்ட இடைவெளி அலையே ஆழம்வரை அசைவைக் கொண்டுவருவதால், பள்ளத்தாக்கு அதன்மீதுதான் முழுமையாக வேலை செய்கிறது. மூன்றாவது செய்தி திசை: அலை மேற்கு அல்லது வடமேற்கிலிருந்து வர வேண்டும், காற்று வலுக் குறைந்ததாக, கரையிலிருந்து கடல் நோக்கி, அதாவது கிழக்கிலிருந்து வீச வேண்டும். முன்னறிவிப்பில் உள்ள உயரம் திறந்த கடலின் சராசரிக் கணக்கு. உடையும் அலையின் முகப்பு அதைவிடப் பன்மடங்கு உயரலாம். நான்கைந்து நாட்களுக்கு முன்னால் வரும் கணிப்பை ஓரளவே நம்பலாம். இரண்டு நாட்களுக்கு முன்னால் வருவது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. கடற்கரையை நேரலையாகக் காட்டும் காமிராக்களும் இணையத்தில் உள்ளன. ஈரோட்டில் உட்கார்ந்தபடி ஒரு பருவம் அவற்றைப் பார்த்து வந்தாலே கண் பழகிவிடும்.

விசாவைப் பொறுத்தவரை, போர்த்துகல் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுள் ஒன்று. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறையாமல் விண்ணப்பித்தாக வேண்டும் என்பது விதி, ஆனால் இரண்டு மாத இடைவெளி விடுவதே அறிவுடைமை. பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கண்காட்சிக்குச் சென்று அப்படியே போர்த்துகலுக்கும் செல்வோர், பயணத்தின் முதன்மை நோக்கமும் அதிக நாட்களும் எந்த நாட்டில் அமைகின்றனவோ அந்நாட்டின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். நசரே நாட்களையும் பயணத் திட்டத்தில் மறைக்காமல் எழுதிவிடுவதே நல்லது. விடுதியை முன்பதிவு செய்யும்போது, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாகவே பார்த்துப் பதிய வேண்டும்.

இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்கு நேரடி விமானம் இல்லை. பாலக்காடு வழியே சாலையில் கொச்சி சென்று, அங்கிருந்து துபாய் வழியாக லிஸ்பன் போவது நம் பகுதியினருக்கு எளிய வழிகளுள் ஒன்று. பெங்களூர் போவோரும் உண்டு. லிஸ்பன் விமான நிலையத்திலேயே மெட்ரோ ரயில் இருக்கிறது. சிவப்புத் தடத்தில் ஏறி சாவோ செபஸ்தியாவோ நிலையத்தில் நீலத் தடத்துக்கு மாறி, ஜர்திம் ஸுவலோஜிகோ நிலையத்தில் இறங்கினால், செத்தே ரியோஸ் பேருந்து நிலையம் அருகிலேயே உள்ளது. அங்கிருந்து ரெதே எக்ஸ்பிரசோஸ் பேருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நசரேயில் விட்டுவிடும். ரயிலை நான் பரிந்துரைக்கவில்லை. ஊருக்கு மிக அருகிலுள்ள வலாதோ நிலையமே சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. கார் வாடகைக்கு எடுப்போர், நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை முன்பே பெற்றுக்கொண்டு, ஏ8 நெடுஞ்சாலையில் செல்லலாம். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும்; இரவுப் பயணக் களைப்போடு இறங்கிய அன்றே ஓட்ட வேண்டாம்.

ஊர் இரண்டு அடுக்காக அமைந்திருக்கிறது. கீழே கடற்கரையை ஒட்டி பிராயா. நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த செங்குத்துப் பாறையின் மேலே சீத்தியோ. இரண்டையும் 1889 முதல் ஒரு இழுவை ரயில் இணைக்கிறது. கடைகளும் உணவகங்களும் கீழே அதிகம் என்றாலும், பேரலைக்காகப் போவோர் சீத்தியோவில் தங்குவதே மேல் என்பேன், ஏனெனில் அலையைப் பார்க்கும் இடமான, முனையின் நுனியிலுள்ள கலங்கரை விளக்குக்கு அங்கிருந்து நடந்தே செல்லலாம்; பெரிய நாட்களில் அந்தச் சாலையில் வாகனங்களை விடமாட்டார்கள். குளிர்காலத்தில் அறை வாடகை கோடையைவிடக் குறைவு. ஆனால் முன்னறிவிப்பில் பேரலை தென்பட்டதும் அறைகள் சட்டென்று நிரம்பிவிடும்.

அலை வரும் நாளில் விடிவதற்கு முன்பே கிளம்புங்கள். ஜனவரியில் அங்கு எட்டு மணிக்குச் சற்று முன்னர்தான் சூரியன் எழும். மாலை ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடும். முனையின் நுனியில் உள்ள புனித மிக்கேல் கோட்டை 1577ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் மேலுள்ள சிவப்புக் கலங்கரை விளக்கு 1903இல் அமைந்தது. சிறு கட்டணம் செலுத்திக் கோட்டையின் மொட்டைமாடிக்குச் செல்லலாம். உள்ளே அலைச்சறுக்கு வீரர்களின் பலகைகளைக் கதைக் குறிப்புகளோடு வைத்திருக்கிறார்கள். மாடியில் நின்றால் அலை காலடிக்கு அருகில் உடையும். நுரைத் தூறல் முகத்தில் அடிக்கும். ஆனால் அங்கிருந்து பார்க்கும்போது உயரம் குறைந்தே தெரியும், மேலிருந்து கீழே நோக்குகிறோம் அல்லவா? கோட்டைக்குப் போகும் சாலையின் வடபுறச் சரிவில் நின்றால் அலையின் முகப்பைப் பக்கவாட்டில் காணலாம். நாளிதழ்களில் வரும், கோட்டையையே விழுங்குவதுபோன்ற படங்கள் வடக்கே தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுக்கப்படுபவை. தொலைவு சுருங்கித் தெரிவதால் அலை அவ்வளவு நெருங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. பைனாகுலர் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அலைமேல் ஒரு புள்ளியாக மனிதன் தெரியும்போதுதான் அளவு பிடிபடும்.

நீங்கள் காணப்போவது பெரும்பாலும் கூட்டு முயற்சி. அவ்வளவு வேகமாக வரும் அலையைக் கையால் துடுப்பிட்டுப் பிடிக்க முடியாததால், ஜெட் ஸ்கீ ஒன்று கயிற்றால் வீரரை இழுத்து அலைக்குள் விடும். மற்றொன்று அவரை மீட்கக் காத்திருக்கும். பாறை மேலிருந்து ஒருவர் வாக்கி டாக்கியில் அடுத்த அலைகளைப் பற்றி எச்சரித்துக்கொண்டேயிருப்பார். இந்த ஊரை உலகறியச் செய்தவர் ஹவாயைச் சேர்ந்த காரெட் மெக்நமாரா: உள்ளூர்க்காரர் ஒருவரின் அழைப்பின் பேரில் 2010இல் வந்து, கடலடி வரைபடங்களையும் அலைகளின் போக்கையும் ஆராய்ந்து, 2011 நவம்பரில் 78 அடி அலையில் சறுக்கி உலகச் சாதனை படைத்தார். 2017இல் பிரேசிலின் ரோத்ரிகோ கோஷா 80 அடிக்கும், 2020 அக்டோபர் 29இல் ஜெர்மனியின் செபாஸ்டியன் ஸ்டியூட்னர் 86 அடிக்கும் அதை உயர்த்தினர். பிரேசிலின் மாயா கபெய்ரா 2013இல் இங்கே மூழ்கி உயிர்பிழைத்தவர். 2020இல் இதே கடலில் 73.5 அடி அலையில் சறுக்கிப் பெண்களுக்கான சாதனையை நிறுவினார். 2023 ஜனவரியில் பிரேசில் வீரர் ஒருவர் இங்கே உயிரிழந்தார்.

அந்த வீரர்களுக்கே இப்படியென்றால், கடலோரத்தில் வளராத நாம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிராயா தோ நோர்த்தே மணலில் குளிர்காலத்தில் இறங்காதீர்கள். பல அலைகள் அமைதியாக வந்துபோன பிறகு திடீரென ஒன்று மணற்பரப்பு முழுவதும் ஏறிவரும். இழுக்கும் நீரில் முழங்கால் அளவு நின்றாலும் நிலைகொள்ள முடியாது. தடுப்புக்கு வெளியே, பாறை விளிம்பில் தற்படம் எடுக்க நிற்பதும் அதே அளவு ஆபத்து. மண் ஈரமாக இருக்கும், காற்று தள்ளும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

அலை வராத நாட்களுக்கு ஊரே போதும். சீத்தியோ சதுக்கத்தில் மாதா திருத்தலமும், பாறை விளிம்பில் மெமோரியா என்னும் சிற்றாலயமும் உள்ளன. 1182இல் தோம் ஃபுவாஸ் என்னும் பிரபு மூடுபனியில் மானைத் துரத்திவந்தபோது, மான் பாறையிலிருந்து கீழே பாய, மாதாவை வேண்டிய அவருடைய குதிரை விளிம்பில் நின்றுவிட்டதாகக் கதை. கோட்டைச் சாலையில் மான் தலையும் மனித உடலும் கொண்டு, கையில் அலைச்சறுக்குப் பலகையுடன் நிற்கும் சிலையைக் கண்டு குழம்புவோருக்கு இக்கதையே விளக்கம். கீழே, ஏழு பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தும் மரபுடைய மீனவப் பெண்கள் கடற்கரையிலேயே கம்பி வலைகளில் மீன் உலர்த்தி விற்கிறார்கள். ஒரு நாளை அருகிலுள்ள அல்கொபாசா மடாலயத்துக்கு ஒதுக்கலாம். 1153இல் தொடங்கப்பட்ட அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

மீன் உண்போருக்குக் கவலையில்லை: கல்தெய்ராதா என்னும் மீன் குழம்பும் சுட்ட மத்தியும் எங்கும் கிடைக்கும், காரம் மட்டும் இராது. சைவ உணவினர் முன்னேற்பாட்டோடு செல்ல வேண்டும். காய்கறி சூப் என்று இருந்தாலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘செம் கார்னே, செம் பெய்ஷே’ என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். சமையலறையுள்ள அறை எடுத்து, அரிசியும் பருப்புப் பொடியும் கையில் வைத்துக்கொள்வதே பெரியவர்களுடன் செல்வோருக்கு நிம்மதி. உணவகத்தில் கேட்காமலே மேசையில் வைக்கும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி ஆகியவை இலவசம் அல்ல. வேண்டாவிட்டால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

குளிர் ஊட்டியை ஒத்தது என்றாலும், முனையில் வீசும் ஈரக்காற்றுக்குக் கம்பளிச் சட்டை மட்டும் போதாது. காற்றும் மழையும் புகாத மேலங்கி வேண்டும். குடை பயன்படாது. விமானத்துக்கு முந்தைய நாளே லிஸ்பன் திரும்பிவிடுங்கள். பேரலையைக் கொண்டுவரும் அதே புயல் சாலைப் பயணத்தையும் தாமதப்படுத்தக்கூடும்.