டைல்ஸ் வேலை பார்த்துக்கொண்டே யோசிப்பதும் பாட்டுப் போடுவதும் எப்படி

தத்துவத்தில் பி.ஏ. முடித்துவிட்டு நான்கு வருடமாக டைல்ஸ் வேலைக்குப் போகிறேன். அறை தாம்பரத்தில், வேலை பெரும்பாலும் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பக்கம். மீதி நேரத்தில் கிதார் வாசித்துப் பாட்டுப் போடுகிறேன். உடம்பு வேலை, வாசிப்பு, இசை மூன்றையும் ஒரே நாளில் எப்படி அடக்குவது என்று கல்லூரி முடிக்கப்போகிற தம்பிகள் கேட்கிறார்கள். அடக்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை மூன்று பங்காகப் பிரித்து நானும் அட்டவணை போட்டேன், இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. எந்த நேரத்தில் உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று கவனித்து, அந்தத் தெம்புக்கு எது ஒத்துவருமோ அதைச் செய்வதுதான் நான் கண்ட வழி.

முதலில் வேலையைத் தேர்ந்தெடுப்பது. இதில் பலர் தப்பு செய்கிறார்கள். உடம்பு வேலை என்றாலே தலை சும்மா இருக்கும், யோசித்துக்கொண்டே செய்யலாம் என்று நினைக்கிறார்கள். சிமோன் வெய்ல் என்ற பிரெஞ்சு தத்துவ ஆசிரியை 1934 டிசம்பரில் பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிஸ் ஆலைகளில் கூலியாகச் சேர்ந்தார். எத்தனை உருப்படி முடிக்கிறோமோ அதற்குத்தான் கூலி. அந்த வேகத்தில் யோசிப்பதையே விட்டுவிடலாம், வலியாவது தெரியாது என்ற ஆசை வருகிறது என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்க எழுத்தாளர் எரிக் ஹாஃபர் கதை நேர் எதிர். 1943-லிருந்து 1967 வரை சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டே புத்தகங்கள் எழுதினார், முதல் புத்தகம் 1951-இல் வந்தது. இரண்டுமே கடுமையான வேலைதான். ஆனால் ஒன்று தலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது, இன்னொன்று விட்டுவைத்தது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சதுரடிக் கணக்கில் வேலை எடுக்காதீர்கள், நாள் சம்பளத்துக்குப் போங்கள். சதுரடிக்கு எடுத்தால் காசு கூட வரும், உண்மைதான். ஆனால் ராத்திரி படுத்த பிறகும் மனது அடிக்கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வருடம் அப்படி இருந்தேன், அந்த வருடம் ஒரு பாட்டுகூட முடிக்கவில்லை.

முதல் மாதம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். சிமென்ட் மூட்டை 50 கிலோ, பெரிய டைல்ஸ் பெட்டி 30 கிலோவுக்குப் பக்கத்தில் வரும், மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இருக்காது. சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் எழுந்து போனாலே போதும். கிதாரை எடுக்கவில்லையே, புத்தகத்தைத் திறக்கவில்லையே என்று அப்போது மனம் நொந்து, இது நமக்கு ஒத்துவராது என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. ஆறாவது வாரம் வாக்கில் உடம்பு பழகிவிடும், அதுவரை பொறுங்கள்.

அப்புறம் யோசனை. வேலை முடிந்து வந்து மேஜையில் உட்கார்ந்து கடினமான புத்தகம் படிப்பது நடக்காது, பத்தாவது வரியில் கண் சொருகும். யோசனை பகலில், வேலைக்கு நடுவில் நடக்க வேண்டியது. ஆனால் தலைக்குள் ஏதாவது போட்டுக்கொண்டு போனால்தான் அது நடக்கும். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்கு மின்சார ரயிலில் 20 நிமிடம். அந்த நேரத்தில் ஒரே ஒரு பக்கம் படிக்கிறேன், அதுவும் சின்னச் சின்னப் பத்திகளாக இருப்பதை. பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிக்டெட்டஸ் இதற்கு நன்றாக ஒத்துவருவார், அடிமையாக இருந்தவர், சுற்றி வளைக்காமல் பேசுவார். குறள் இன்னும் வசதி, இரண்டே வரி, கலவைச் சட்டி தூக்கும்போது தலையிலேயே இருக்கும். பிடித்த குறளைவிட ஒத்துக்கொள்ள முடியாத குறளை எடுத்துக்கொண்டு போங்கள், அதுதான் மதியம் வரை விடாமல் நச்சரிக்கும். எடுத்த கேள்வியை ஒரு வாரத்துக்கு மாற்றாதீர்கள். போன மாதம் ஒரு வாரம் முழுக்க, நான் போட்ட தரையில் நான் ஒருநாளும் குடியிருக்கப் போவதில்லை என்றால் அது எந்த வகையில் என் வேலை என்ற ஒன்றையே உருட்டிக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை, ஆனால் சனிக்கிழமைக்குள் கேள்வி வேறு ஒன்றாக மாறியிருந்தது.

எழுதிவைக்க நோட்டு வேண்டாம், சிமென்ட் கையில் நோட்டு நாறிவிடும். டைல்ஸ் பெட்டி அட்டையைக் கிழித்து, குறி போடுகிற பென்சிலிலேயே நாலு வார்த்தை எழுதிப் பையில் போடுங்கள். வீட்டுக்கு வந்து அந்த நாலு வார்த்தையை நாலு வரியாக்கினால் அன்றைக்கு அது போதும்.

ஆனால் எல்லா வேலையிலும் யோசிக்காதீர்கள். கலவை போடுவது, மணல் சலிப்பது, பெட்டி ஏற்றுவது, இடுக்கில் ஒயிட் சிமென்ட் பூசித் துடைப்பது, இதிலெல்லாம் தலை உங்களுடையது. கட்டிங் மிஷின் கையில் இருக்கும்போது எந்தத் தத்துவமும் கூடாது, போகப்போவது விரல். பாத்ரூம் தரைக்கு வாட்டம் பார்க்கும்போதும் அப்படித்தான், கொஞ்சம் கவனம் தப்பினால் தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் வரும், அந்த வீட்டுக்காரர்கள் அதை வருடக்கணக்கில் விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

இசைக்கு வருகிறேன். நேரம் கிடைக்காததைவிட, கையும் காதும் மூச்சும் கெடுவதுதான் பெரிய ஆபத்து, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈரச் சிமென்ட் கடுமையான காரம். தோலை அரித்து வெடிக்க வைக்கும், அதிலிருக்கும் குரோமியம் சிலருக்கு அலர்ஜியாகி வாழ்நாள் முழுக்க விடாது. தந்தி அழுத்துகிற விரல் நுனியில் வெடிப்பு வந்தால் பத்து நாள் வாசிக்க முடியாது. ரப்பர் கையுறை போடுங்கள், யார் சிரித்தாலும் போடுங்கள். சிமென்ட் உள்ளே போய்விட்டால் உடனே கழற்றிக் கழுவுங்கள், உள்ளே தங்கும் ஈரம் வெறுங்கையைவிட மோசம். சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

காது. கட்டிங் மிஷின் சத்தம் 100 டெசிபலைச் சுலபமாகத் தொடும். காது பாதுகாப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஸ்பான்ஜ் அடைப்பானைக் காதில் வையுங்கள், வெட்டுகிறவர் பக்கத்து அறையில் இருந்தாலும் வையுங்கள். முதல் வருடம் நான் வைக்கவில்லை. ராத்திரி தலையணையில் சாய்ந்தால் வலது காதில் ஒரு விசில் கேட்கும், இப்போதும் அமைதியான அறையில் லேசாகக் கேட்கிறது. அது திரும்பிப் போகாது.

மூச்சு. டைல்ஸ் வெட்டும் தூசியில் சிலிகா இருக்கிறது, நுரையீரலில் தங்கினால் வெளியே வராது, பாடுகிறவருக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள், முடியாத இடத்தில் என்95 முகமூடி. துண்டைக் கட்டிக்கொள்வது போதாது.

எப்போது வாசிப்பது? வேலை முடிந்து வந்தவுடன் வேண்டாம். நாள் முழுக்க இறுக்கிப் பிடித்த கை உடனே நுணுக்கத்துக்கு வராது, அந்த நேரத்தில் பழகினால் தப்பையே பழகுவோம். எனக்கு விடிகாலை ஐந்தரைக்கு 25 நிமிடம், தூங்கி எழுந்த கை, அதில் விரல் பயிற்சி மட்டும். ராத்திரி சாப்பிட்டபின் அரை மணி நேரம் கேட்பது மட்டும், நேற்று பதிந்ததைக் கேட்பது, சொல்லை மாற்றிப் பார்ப்பது. களைத்த உடம்புக்குக் கேட்பது முடியும், வாசிப்பது முடியாது.

மெட்டு எங்கிருந்து வரும் என்று கவலைப்படாதீர்கள், வேலையிலிருந்தே வரும். டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டும்போது அடியில் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக இருக்கும், காலியாக இருந்தால் கொடகொடவென்று கேட்கும், அதைக் கேட்டுத்தான் தூக்கி மறுபடி வைப்போம். என் மேஸ்திரி இந்த விஷயத்தில் நான் பார்த்த எந்த இசைக்காரரையும்விடக் காது உள்ளவர், அடுத்த அறையிலிருந்தே “தம்பி, அந்த மூலைக் கல்லைத் தூக்கு” என்பார். நடவுக்கும் ஏற்றத்துக்கும் வலை இழுப்பதற்கும் பாட்டு வைத்திருந்த ஊர் இது, கை ஓடும் வேகத்துக்கும் பாட்டின் வேகத்துக்கும் இருந்த உறவு இன்னும் அறுந்துவிடவில்லை. வாய்க்கு ஒரு வரி வந்தால் டீ நேரத்தில் போனில் முணுமுணுத்துப் பதிந்துவிடுங்கள், சாயங்காலம் வரை அது நிற்காது.

கூட வேலை செய்பவர்களைப் பற்றி ஒன்று. நமக்குத் திரும்பிப் போக ஒரு டிகிரி இருக்கிறது, பக்கத்தில் நிற்கும் அண்ணனுக்கு இல்லை. நாம் தேர்ந்தெடுத்ததை அவர் மீது சாதியும் கடனும் சுமத்தியிருக்கலாம். அதனால் உழைப்பின் மகத்துவம் பற்றி அவரிடம் பேசாதீர்கள், வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். பீகார்ப் பையன்கள் ராத்திரி சைட்டில் பாடுவார்கள், கூட உட்காருங்கள், எனக்கு மூன்று பாட்டு அப்படிக் கிடைத்தது. ஆனால் அவர்கள் மெட்டை எடுத்து நம் பெயரில் போடக்கூடாது.

பணமும் வீடும். “இதுக்காடா படிச்சே?” என்று அம்மா கேட்பதற்கு விவாதம் பதிலாகாது. மாதா மாதம் ஒரே தேதியில், சின்னத் தொகையானாலும், வீட்டுக்கு அனுப்புங்கள், ஆறு மாதத்தில் பேச்சின் சூடு தணியும். கல்விக்கடன் இருந்தால் படிப்பு முடிந்து பொதுவாக ஒரு வருடம்தான் அவகாசம், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள், 18 வயது ஆகியிருக்க வேண்டும். கூலி சனிக்கிழமை கைக்கு வரும், அன்றைக்கே கிதார் தந்திக்கும் புத்தகத்துக்கும் ஒரு சிறு பகுதியைத் தனியாக எடுத்துவையுங்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அதுவும் கரைந்துவிடும்.

எத்தனை வருடம் இப்படி என்று கேட்டால், அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் 41 வயது வரை குழாய் வேலை பார்த்தார், டாக்சி ஓட்டினார். 1976-இல் அவருடைய ஓபரா, அதாவது இசை நாடகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் நடந்தது, அதற்கு அப்புறமும் டாக்சிக்குத் திரும்பினார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று எண்ணி இதில் இறங்காதீர்கள்.

ஞாயிறு காலை பதிவுக்கு. ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, கட்டில் மேல் போர்வையைத் தொங்கவிட்டால் அறை எதிரொலி பாதி அடங்கிவிடும். போனும் பேண்ட்லேப் போன்ற இலவசச் செயலியும் போதும், மைக் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். மூன்று முறை பாடுங்கள், அதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். மதியம் துணி துவைத்து, சாயங்காலம் அந்தப் பாட்டை இரண்டு நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு ஒன்பதரைக்குப் படுங்கள், திங்கட்கிழமை காலையில் லோடு இறங்கும்.