ஓயெதோ லைனில் ஏறும் முன் நிலைய எண்ணைப் பாருங்கள்

டோக்கியோவின் ஓயெதோ சப்வே வரைபடத்தில் வட்டமாகத் தெரியும். ஆனால் ரயில் சுற்றிக்கொண்டே இருக்காது. பாதையின் வடிவம் 6. வட்டமும் வாலும் சேரும் இடம் தோச்சோமயே. ஈதபாஷி பக்கமிருந்து வரும் ரயில் அங்கேயே நின்றுவிடும். வால் பக்கம் இருக்கும் நெரிமா, ஹிகாரிகவோகா போக வேண்டுமானால் இறங்கி மாறித்தான் ஆகவேண்டும்.

பலரும் குழம்புவது ஷின்ஜுக்குவில். அந்தப் பெயரில் இரண்டு நிலையங்கள்: ஷின்ஜுக்கு (நிலைய எண் ஈ-27, பலகையில் E-27), ஷின்ஜுக்கு-நிஷிகுச்சி (ஈ-01). நீங்கள் போக வேண்டியது ரோப்போங்கி (ஈ-23) என்று வைத்துக்கொள்ளுங்கள். 27-இல் ஏறினால் நாலே நிறுத்தம். 01-இல் ஏறி ஈதபாஷி திசை ரயிலில் உட்கார்ந்தால் 22 நிறுத்தம், பாதி ஊரையும் பூமிக்கடியில் சுற்றிவிட்டுப் போய்ச் சேரலாம்! அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். பலகையில் ரோப்போங்கி திசையா, ஈதபாஷி திசையா என்றும் பாருங்கள்.

அப்புறம், இது ரொம்ப ஆழமான லைன். ரோப்போங்கியில் ஒரு நடைமேடை தரையிலிருந்து சுமார் 42 மீட்டர் கீழே. எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக வரும். பெட்டியோ குழந்தை வண்டியோ இருந்தால் முதலிலேயே லிஃப்ட் இருக்கும் வாசலைத் தேடிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விஷயம்: இது தோயெ லைன், அதாவது டோக்கியோ மாநகர அரசு நடத்துவது; டோக்கியோ மெட்ரோ வேறு நிறுவனம். டோக்கியோ மெட்ரோவுக்கு மட்டுமான 24 மணி நேர டிக்கெட் இங்கே செல்லாது. இரண்டுக்கும் பொதுவான டோக்கியோ சப்வே டிக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள்.