தரைவீட்டுக் கூரையை டிரோன் கொண்டு சோதிக்கும் முறை

கூரைச் சோதனை வீட்டுக்குள், உட்கூரையில் படிந்திருக்கும் ஈரக்கறைக்கு நேர் கீழே தொடங்க வேண்டும். டிரோனை வரவழைத்த கையோடு மேலே அனுப்பி, நூறு படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் படத்தில் எதைத் தேடுவது என்று தெரியாமல் திகைத்து நிற்பவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களிடம் கருவி இருக்கிறது, படமும் இருக்கிறது, கேள்விதான் இல்லை. ஆகவே முதலில் ஏணியில் ஏறி, கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு வரைந்து, பக்கத்திலேயே தேதியை எழுதுங்கள். கறையின் நடுப்புள்ளி இரண்டு சுவர்களிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் வரைந்த கூரைப் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவு ஏன் தேவை என்றால், ஓட்டுக் கூரையில் நீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. உடைந்த ஓட்டின் வழியே உள்ளே வந்த நீர், அடியில் இருக்கும் மரச்சட்டத்தையோ நீர்காப்பு விரிப்பையோ பற்றிக்கொண்டு சரிவில் சில மீட்டர் இறங்கி, ஓர் ஆணியோ இணைப்போ தடுக்கும் இடத்தில்தான் கீழே விழுகிறது. எனவே தாளில் குறித்த புள்ளியிலிருந்து கூரையின் முகடு வரை மேல்நோக்கி ஒரு பட்டையாக, இருபுறமும் இரண்டு மீட்டர் விட்டு, கோடு போடுங்கள். டிரோன் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய பகுதி அதுதான். மற்றப் பகுதிகளையும் பார்க்கலாம், ஆனால் அவை அதற்கு அடுத்தபடி.

சிங்கப்பூரில் இந்த அக்கறை தரைவீட்டுக்காரர்களுக்கே, அதாவது அடுக்குமாடியில் இல்லாமல் தனிவீட்டிலோ வரிசை வீட்டிலோ இருப்பவர்களுக்கே, கூடுதலாக வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கூரையை நகர மன்றம் பார்த்துக்கொள்கிறது. 20 ஆண்டுகளுக்கு மேலான, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களின் வெளிப்புறச் சுவர்களை ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதி பெற்றவர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று கட்டட, கட்டுமான ஆணையம் 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் விதித்திருக்கிறது. அந்த விதியிலிருந்து தரைவீடுகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு என்பதன் நடைமுறைப் பொருள், உங்கள் கூரையைப் பாருங்கள் என்று யாரும் உங்களுக்குக் கடிதம் அனுப்பப் போவதில்லை என்பதே. ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், பார்க்காமலே விட்ட கூரை தன் நிலையைக் கறையாகத்தான் காட்டும். ஆளை ஏற்றிப் பார்க்கலாமே என்றால், பாசி பிடித்த ஓட்டில் காலூன்றுவது ஆபத்து. அப்படி ஏறுபவரின் எடையிலேயே நல்ல ஓடுகள் இரண்டு விரிசல் விடுவதும் உண்டு.

சட்டத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்

டிரோன் தொடர்பான விதிகளைச் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் நடைமுறைப்படுத்துகிறது. 250 கிராமுக்கு மேல் எடையுள்ள எந்த டிரோனையும் வெளியில் பறக்கவிடுமுன் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2020 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவு செய்பவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். 2025 டிசம்பர் முதல், இந்த எடைக்கு மேற்பட்டவை பறக்கும்போதே தம் அடையாளத்தை வானலை வழியே அனுப்பும் வசதியையும் கொண்டிருக்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு கூரையைப் படமெடுப்பவர், டிரோன் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், டிரோன் இயக்குவோருக்கான அனுமதியும் (Operator Permit) முதல் வகை நடவடிக்கை அனுமதியும் (Class 1 Activity Permit) வைத்திருக்க வேண்டும். வேலைக்கு அமர்த்தும் முன் இரண்டின் நகலையும் கேட்டு வாங்கி, நடவடிக்கை அனுமதியில் உங்கள் வட்டாரமும் பறக்கும் நாளும் அடங்குகின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள். அனுமதியின்றிப் பறக்கவிட்டால் முதல் குற்றத்துக்கே 50,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சொந்த டிரோனைச் சொந்த வீட்டின் மேல் பறக்கவிட நினைப்பவர்கள் இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விமான நிலையம் அல்லது விமானப்படைத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கக்கூடாது. சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் ஆகியவற்றைச் சுற்றி அந்த வட்டங்களை வரைந்து பார்த்தால் தீவில் எஞ்சும் இடம் குறைவு என்பது புரியும். சிராங்கூன் கார்டனும் சிலேத்தார் ஹில்சும் வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டாவது, 200 அடி உயர வரம்பு. அது உங்கள் வாசலிலிருந்து அளக்கப்படுவதன்று, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. 200 அடி என்பது ஏறத்தாழ 60 மீட்டர். மேட்டுப்பாங்கான வட்டாரத்தில் வீடு நிற்கும் தரையே கடல்மட்டத்துக்கு 40 மீட்டர் மேலே இருந்தால், டிரோனுக்கு மிஞ்சுவது 20 மீட்டர்தான். தடை செய்யப்பட்ட பகுதிகளை ஒன்மேப் (OneMap) என்ற அரசாங்க இணைய வரைபடத்தில் பார்க்கலாம். 2019 ஜூன் மாதத்தில் அனுமதியின்றிப் பறந்த டிரோன்களால் சாங்கியில் விமானச் சேவைகள் தடைபட்டதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கண்டிப்பை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உங்கள் பயன்பாடு எந்த வகையைச் சேரும் என்பதில் சிறு ஐயம் இருந்தாலும், ஆணையத்திடம் எழுதிக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

அண்டை வீட்டாரிடம் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுவது சட்டத்தைவிட முக்கியமானது என்பேன். வரிசை வீடுகளில் உங்கள் கூரையின் விளிம்பிலிருந்து அவர்களுடைய மாடிச் சன்னல் ஓரிரு மீட்டர் தொலைவிலேயே இருக்கும். எந்த நேரம், எத்தனை நிமிடம், கேமரா எந்தப் பக்கம் பார்க்கும் என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். தற்செயலாக அவர்கள் வீட்டு முற்றமோ மனிதர்களோ பதிவாகியிருந்தால் அந்தப் படங்களை அன்றைக்கே அழித்துவிடுங்கள்.

நாளும் வேளையும்

காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரைக்குள் பறப்பதையே நான் விரும்புகிறேன். சிங்கப்பூரில் ஏழு மணியளவில் உதிக்கும் சூரியன் அந்த வேளையில் தாழ்வாக இருப்பதால், சற்றே தூக்கிக்கொண்டு நிற்கும் ஓடுகூடக் கீழே ஒரு நிழல் கோட்டை விழவிடும். நண்பகலில் அதே ஓடு மற்றவற்றோடு கலந்து கண்ணுக்குப் புலப்படாமல் போகும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை வாடிக்கை என்பதும் காலையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் கவனம் வேண்டும். சுமத்ரா பக்கமிருந்து வரும் பலத்த காற்றுமழை விடியலுக்கு முன்பிருந்து காலை வரை வீசக்கூடும். முடிந்தால் மழை விட்ட மறுநாள் பறக்கவிடுங்கள். நன்றாக இருக்கும் ஓடுகள் உலர்ந்துவிட்ட பிறகும், நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பழுதான ஓடுகள் கருத்தே இருக்கும்.

டிரோனைக் கார் நிறுத்துமிடத்தின் கான்கிரீட் தரையில் வைத்து மேலேற்ற வேண்டாம். உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகள் அதன் திசைகாட்டியைக் குழப்பும். குழம்பிய டிரோன் மேலே போனதும் பக்கவாட்டில் நழுவும். புல்தரை இருந்தால் அங்கிருந்து ஏற்றுங்கள். இல்லையென்றால் மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் வைத்து ஏற்றினால் போதும். சாலையோர மரக்கிளைகளையும் தொலைக்காட்சி ஆண்டெனாவையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு அருகில்

தொலைவு பற்றிய கணக்கை ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு குழப்பமே இல்லை. சிறு டிரோன்களில் வழக்கமாக உள்ள 24 மில்லிமீட்டர் அகலக்கோண வில்லை, 10 மீட்டர் தொலைவிலிருந்து ஏறத்தாழ 14.4 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். படத்தின் அகலம் 4,000 படப்புள்ளிகள் என்றால் ஒரு புள்ளி கூரையில் ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டரைக் குறிக்கும். ஒரு மில்லிமீட்டர் விரிசல் அதில் தெரியவே தெரியாது. தொலைவை 5 மீட்டராகக் குறைத்தால் புள்ளிக்கு 1.8 மில்லிமீட்டர் கிடைக்கும்; இடம்பெயர்ந்த ஓடு, பெயர்ந்த சிமெண்டுக் கலவை, துருப்பிடித்த திருகு ஆகியவை தெளிவாகத் தெரியும். மயிரிழை விரிசலைத்தான் தேடுகிறீர்கள் என்றால் தொலைநோக்கு வில்லை உள்ள டிரோன் வேண்டும். கூரைக்கு இன்னும் நெருங்கிப் பறப்பது அதற்கு வழியாகாது.

முதலில் கூரைக்கு மேலே 12 முதல் 15 மீட்டரில் நின்று, கேமராவை நேர் கீழ்நோக்கித் திருப்பி முழுக் கூரையையும் எடுங்கள். அதுதான் உங்கள் வரைபடம். பிறகு ஒவ்வொரு சரிவுக்கும் எதிரே நின்று, சரிவின் முகத்தை நேராகப் பார்க்கும்படி கேமராவைச் சாய்த்து, 5 மீட்டரில் வரிசை வரிசையாக எடுத்து வாருங்கள். அடுத்தடுத்த படங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். காணொளியை மட்டும் எடுத்துத் திருப்தியடையாதீர்கள். ஓடும் படத்தில் கண் எதையும் நிலையாகப் பற்றுவதில்லை.

எதைத் தேடுவது

ஓட்டுக் கூரையில் பரந்த சரிவுகள் அபூர்வமாகவே ஒழுகும். ஒழுகுவது விளிம்புகளும் இணைப்புகளும்தான். முகட்டு ஓடுகளுக்கு அடியில் உள்ள சிமெண்டுக் கலவை வெடித்துத் துண்டுதுண்டாகப் பெயர்ந்திருக்கிறதா, இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளக்கோட்டில் இலைகள் அடைத்திருக்கின்றனவா, அண்டை வீட்டோடு பகிரும் சுவரில் பதித்த உலோகத் தகடு சுவரை விட்டு விலகியிருக்கிறதா என்ற மூன்றையும் முதலில் பாருங்கள்.

என் தாய்மாமாவின் வரிசை வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். படுக்கையறை உட்கூரையில் கறை வந்ததும், பார்க்க வந்த கூரைவேலைக் குத்தகையாளர் ஒருவர், கூரை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தார். அனுமதி பெற்ற ஒருவரை அமர்த்தி எடுத்த படங்களை நானும் அவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தோம். கறைக்கு நேர் மேலே ஓடுகள் அனைத்தும் சரியாக இருந்தன. மூன்று மீட்டர் மேலே, பள்ளக்கோட்டில், உலர்ந்த புல்லும் பிளாஸ்டிக் கயிறும் பின்னிய ஒரு மைனாக் கூடு இருந்தது. அதன் மேற்புறத்தில் நீர் தேங்கிப் பக்கவாட்டு ஓடுகளுக்கு அடியில் ஏறிய தடம், பழுப்பு நிறத்தில் விரல் அகலத்துக்குத் தெரிந்தது. கூட்டில் முட்டையோ குஞ்சோ இல்லை என்று பார்த்துக்கொண்டு அதை அகற்றி, இரண்டு ஓடுகளை மாற்றியதோடு வேலை முடிந்தது. அந்தப் பழுப்புத் தடத்தைப் பார்த்தபோது மாமாவின் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

உலோகக் கூரையில் தகட்டைவிடத் திருகுகளைப் பாருங்கள். ஒவ்வொரு திருகின் தலைக்கு அடியிலும் ஒரு ரப்பர் வளையம் உண்டு; வெயிலில் அது வெடித்துவிட்டால் திருகைச் சுற்றித் துருவின் வட்டம் தோன்றி, சரிவில் கீழ்நோக்கி வால்போல் நீளும். கான்கிரீட் தட்டைக் கூரையில், மழை விட்டு 48 மணி நேரம் கழித்தும் தேங்கி நிற்கும் நீரும், நீர்க்காப்புப் பூச்சில் எழும் கொப்புளங்களும் கவனத்துக்குரியவை. மழைநீர் வாய்க்கால்களை எந்தக் கூரையானாலும் பார்த்தே ஆக வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஒரு வாரம் போதும். இலைகள் அடைத்த வாய்க்கால் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் தந்துவிடும்.

லிட்டில் இந்தியாவிலோ கம்போங் கிளாமிலோ கடைவீடு வைத்திருப்பவர்கள், பழுதைக் கண்டதும் கிடைத்த ஓட்டை வாங்கிப் பொருத்திவிடக் கூடாது. 1989இல் பழமைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இவ்வட்டாரங்களில் கூரையைப் பழுதுபார்க்க நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டி நெறிகள் இருக்கின்றன. டிரோன் படங்களோடு ஆணையத்தை அணுகினால் பேச்சு எளிதாகும்.

வெப்பப்படக் கேமரா பற்றிப் பலர் கேட்கிறார்கள். தட்டைக் கான்கிரீட் கூரைக்கு அது பெரிதும் உதவும். பகலில் சூடேறிய கூரை, பொழுது சாய்ந்த பின் குளிரத் தொடங்கும்போது, ஈரம் தங்கிய பகுதி மெதுவாகக் குளிர்வதால் வெதுவெதுப்பான திட்டாகத் தெரியும். அந்தி வேளையில் பறக்க வேண்டியிருப்பதால், அனுமதியில் அதற்கு இடமிருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பளபளப்பான உலோகக் கூரைக்கு அதை நம்ப வேண்டாம். உலோகம் தன் வெப்பத்தைக் காட்டாமல் வானத்தின் குளிரையே பிரதிபலிக்கும்.

டிரோன் தொட்டுப் பார்க்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஓட்டுக்கு அடியில் மரச்சட்டம் உளுத்திருக்கிறதா, கரையான் அரித்திருக்கிறதா என்பதை உட்கூரைத் திறப்பின் வழியாக ஒருவர் விளக்கோடு போய்த்தான் பார்க்க வேண்டும்.

படங்களைக் குத்தகையாளரிடம் கொடுக்கும்போது, முழுக் கூரைப் படத்தை அச்சிட்டு, பழுதுகளுக்கு எண் போட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய நெருக்கப் படத்தை இணைத்துக் கொடுங்கள். மூன்று பேரிடம் விலை கேட்பதாக இருந்தால் மூவருக்கும் அதே தாளைக் கொடுத்து, எண் வாரியாக விலை எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்திலிருந்து, அதே கோணத்தில், அதே வேளையில் மீண்டும் ஒருமுறை படமெடுக்கச் சொல்லி, அதைப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். அடுத்த பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள், ஏணியை எடுத்துவந்து, உட்கூரையில் நீங்கள் வரைந்த பென்சில் கோட்டைக் கறை தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.