ஜீப் ஓடும்போது நடுங்குகிறதா? ஜொயின்ட் குறோஸ் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

வில்பத்துவிலோ நக்கிள்ஸிலோ ஓடிவிட்டுக் கொழும்புக்குத் திரும்புகிறீர்கள். வேகம் 70, 80ஐத் தொட்டதும் காலடியில் தரை அதிரத் தொடங்குகிறது. உடனே உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் இரண்டு ஜொயின்ட் குறோஸ் (கியர் பொக்ஸின் சுழற்சியைச் சில்லுகளின் பக்கம் கொண்டுபோகும் புறொப்பெல்லர் ஷாஃப்டின் முனைகளில் உள்ள, மடங்கக்கூடிய சிலுவை வடிவ இணைப்பு) வாங்கிப் போடுவதுதான் இங்கே வழக்கம். பல தடவை நடுக்கம் போகாது, காசுதான் போகும். வண்டியில் சுற்றுகிற ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு வேகத்தில் சுற்றுகிறது. நடுக்கம் எந்த வேகத்தோடு சேர்ந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் குற்றவாளி பாதி அகப்பட்ட மாதிரி. ஸ்பானர் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

படி 1: சேற்றை எடுங்கள்

காட்டுப் பயணத்துக்குப் பிறகு வரும் நடுக்கத்துக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ரிம்முக்குள் காய்ந்த சேறு. பிரேக் பக்கம் பார்த்திருக்கும் உட்குழியில் அது ஒட்டியிருக்கும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. சேர்விஸ் நிலையத்தில் தண்ணீர் அடித்தாலும் முழுதாகப் போகாது. சில்லைக் கழற்றி, மரத்துண்டால் சுரண்டி எடுங்கள். டயர் கடையில் 5 கிராம், 10 கிராம் கணக்கில் ஈயம் வைத்து பலன்ஸ் செய்கிறார்கள். உள்ளங்கை அளவு சேற்றுக் கட்டி 100 கிராமைத் தாண்டும். புறொப்பெல்லர் ஷாஃப்டையும் துடையுங்கள். துடைக்கும்போதே குழாயில் கல் மோதிய நெளிவு இருக்கிறதா, பற்றவைத்திருந்த பலன்ஸ் தகடு விழுந்த அடையாளம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

மணலில் குறைத்த காற்றைத் திரும்ப நிரப்ப மறக்க வேண்டாம். டயர் எங்காவது புடைத்திருந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

படி 2: ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்

கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் நெரிசலான காலி வீதியில் இதைச் செய்ய முடியாது. சீரான வேகமும் நல்ல தளமும் வேண்டும். கொட்டாவையில் ஏறித் தெற்கு அதிவேகப் பாதையில் வலது ஓரத்தை விட்டு ஓடுவது நல்லது. அங்கே உச்ச வரம்பு மணிக்கு 100 கிலோமீற்றர், அதற்குள் எல்லாச் சோதனையையும் முடிக்கலாம். ஓட்டுபவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் எழுத வேண்டும்.

முதலில், வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை மட்டும் முறுக்குங்கள். நடுக்கம் வந்த அதே ஆர்.பி.எம்மில் நின்றபடியே அதிர்ந்தால் எஞ்சின், அதன் மவுண்ட் ரப்பர்கள், கிளச் பக்கம் பாருங்கள். ஷாஃப்டைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, அதே 80இல் நான்காவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓடுங்கள். எஞ்சின் வேகம் மாறியும் நடுக்கம் அதே 80இல் வந்தால், கியர் பொக்ஸுக்குப் பின்னால் சுற்றும் ஏதோ ஒன்றுதான் காரணம்.

பிறகு அக்ஸிலரேட்டரை அழுத்தியும் விட்டும் பாருங்கள். இரண்டு நிலையிலும் ஒரே அளவு நடுக்கம் என்றால் அது பெரும்பாலும் பலன்ஸ் பிழை: டயர், ரிம் அல்லது ஷாஃப்ட். அழுத்தும்போது மட்டும் கூடினால், அல்லது விடும்போது மட்டும் வந்தால், ஜொயின்ட், ஷாஃப்டின் கோணம், டிஃபரென்ஷியலின் (சுழற்சியை இரு பக்கச் சில்லுகளுக்கும் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) பினியன் பெயாரிங் (அதில் ஷாஃப்ட் சேரும் பல்சக்கரத்தைத் தாங்குவது) ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது மட்டும் உதறினால், இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள பிக்கப்புகளில் நடு பெயாரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கும்.

ஸ்டியரிங்கில் உணர்ந்தால் முன் சில்லு, இருக்கையில் உணர்ந்தால் பின் சில்லு என்பது நல்ல தொடக்கக் குறிப்பு. அதையே தீர்ப்பாக எடுக்காதீர்கள்.

படி 3: ஒரு சின்னக் கணக்கு

31 அங்குல டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.47 மீற்றர். 80 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 22.2 மீற்றர். ஆகவே சில்லு செக்கனுக்கு 9 தரம் சுற்றுகிறது. டிஃபரென்ஷியல் விகிதம், அதாவது சில்லு ஒரு தரம் சுற்ற ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை, 4.1 என்றால் ஷாஃப்ட் ஏறக்குறைய 37 தரம் சுற்றும். ஜொயின்ட் கோணப் பிழை ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் உதறும், அது 74. சில்லின் அதிர்வைத் தனித்தனி ஆட்டமாக உணரலாம். ஷாஃப்டின் அதிர்வு பாதத்தில் கூசும் ரீங்காரமாக வரும், பின்பார்வைக் கண்ணாடியில் உருவம் மங்கும். அதிர்வு அளக்கும் செயலி ஒன்றைப் போனில் போட்டுத் தரையில் படுக்க வைத்தால் 9ஆ 37ஆ என்று எளிதாகப் பிரித்தறியலாம்.

படி 4: அடியில் போய்ப் பாருங்கள்

பாதுகாப்பு முதலில். சமதரை, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஜக்கோடு அக்ஸில் ஸ்டாண்ட். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் ஹேண்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் (சுழற்சியை முன், பின் ஷாஃப்டுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சில்லைத் தூக்கியதும் டிஃபரென்ஷியல் வழியாக மறு சில்லு சுழன்று வண்டி உருளும். பின் ஷாஃப்டைக் கழற்றினாலும் இதே ஆபத்துதான்.

கியர் பொக்ஸும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸும் நியூட்ரலில் இருக்கட்டும். ஜொயின்டின் இரு பக்கத்தையும் இரு கையால் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். கண்ணுக்குத் தெரியும் அசைவு எதுவானாலும் ஜொயின்ட் முடிந்தது. ஜொயின்டின் நான்கு முனைகளையும் மூடும் கப்களின் ஓரத்தில் செம்மண் போல நுண்ணிய துருத்தூள் இருக்கிறதா பாருங்கள். உள்ளே ஊசி ரோலர்கள் கிறீஸ் இல்லாமல் அரைபடுவதன் அடையாளம் அது. ஆறு கடந்த வண்டிகளிலும், வெள்ளவத்தைக் கடற்கரையோரம் நாள்கணக்கில் நிற்கும் வண்டிகளிலும் இதைக் கவனியுங்கள்.

அசைவே இல்லாத ஜொயின்டும் கெட்டிருக்கலாம். இறுகிப்போனது ஆடாது. ஒரு முனையைக் கழற்றிக் கையால் மடக்கினால்தான் அது கட்டம் கட்டமாகச் சிக்குவது தெரியும்.

பினியன் முன்னால் உள்ள ஃபிளாஞ்சை (ஷாஃப்டைப் பூட்டும் தட்டு) மேலும் கீழும் ஆட்டுங்கள். அசைந்தால் பினியன் பெயாரிங். நடு நட்டை இறுக்கிச் சரிசெய்ய முயலாதீர்கள். பல டிஃபரென்ஷியல்களில் அந்த நட்டுத்தான் உள்ளே பெயாரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது.

படி 5: பிரித்து ஓட்டுங்கள்

முன் சில்லில் ஃப்ரீ வீல் ஹப் (சில்லை முன் ஷாஃப்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு) இருந்தால் கருவியே தேவையில்லை. டூ வீல் ட்ரைவில் ஹப்பைப் பூட்டி ஓடுங்கள், பிறகு திறந்து ஓடுங்கள். திறந்தபோது நடுக்கம் மறைந்தால் முன் ஷாஃப்டும் அதைச் சேர்ந்தவையும்தான். ஹப் இல்லாவிட்டால் முன் ஷாஃப்டைக் கழற்றி ஓடிப் பார்க்கலாம். நிரந்தர ஃபோர் வீல் வண்டியில் அப்போது நடு டிஃபரென்ஷியலைப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நகராது.

கழற்றுவதற்கு முன் ஃபிளாஞ்சிலும் ஷாஃப்டின் இரு பாதியிலும் பெயின்டால் கோடு போடுங்கள். ஷாஃப்டின் இரு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பற்களான ஸ்பிளைனில் ஒரு பல் மாறினாலே இரு முனை யோக்குகளும் (ஜொயின்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இராது. சரியான ஷாஃப்டும் நடுங்கும். பழைய லேண்ட் ரோவர்களின் முன் ஷாஃப்டில் சிலவற்றை வேண்டுமென்றே விலக்கித்தான் வைத்திருக்கிறார்கள், ஆகவே சேர்விஸ் கைநூலைப் பார்க்காமல் அதைத் "திருத்த" வேண்டாம்.

படி 6: உயர்த்திய வண்டியா?

2 அங்குலம் உயர்த்தினாலே கோணம் மாறும். சாதாரண ஷாஃப்டில் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் 1 பாகைக்குள் சமாந்தரமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜொயின்டின் கோணமும் 3 பாகைக்குள் இருந்தால் நெடுஞ்சாலைக்கு நல்லது. ஃபிளாஞ்சின் மீது போனை வைத்தே அளக்கலாம். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆப்பு வடிவத் தகடு போட்டுத் திருத்துவார்கள்.

எல்லாம் சரி, ஷாஃப்ட் மட்டும் நடுங்குகிறதா? குழாயின் பினியன் பக்க முனையில் ஹோஸ் கிளிப் ஒன்றை இறுக்கி, அதன் திருகை 90 பாகை வீதம் நான்கு இடத்துக்கு மாற்றி ஒவ்வொரு தடவையும் ஓடுங்கள். ஓரிடத்தில் தெளிவாகக் குறைந்தால் பலன்ஸ்தான் பிழை. கிளிப்போடு விட்டுவிடாமல் லேத் பட்டறையில் பலன்ஸ் செய்யுங்கள்.

ஜொயின்ட் மாற்றும்போது

பழையதை எடுத்துச் சென்று கப் விட்டத்தையும் கப்புக்குக் கப் நீளத்தையும் வேர்னியரால் ஒப்பிட்டு வாங்குங்கள். புதிய கப்பை அழுத்தும்போது ஒரு ஊசி ரோலர் சரிந்து அடியில் படுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். அப்போது கப்பைப் பிடித்து நிறுத்தும் வளையமான சேர்க்கிளிப் பள்ளத்தில் உட்காராது. சுத்தியலால் அடிக்காதீர்கள், கப்பை எடுத்து, ரோலர்களைக் கிறீஸில் ஒட்டி நிறுத்தித் திரும்பப் போடுங்கள். மாட்டியபின் கிறீஸ் கன்னால் நான்கு சீலிலும் கசியும்வரை அடியுங்கள். ஃபிளாஞ்சுக்குப் புதிய லொக் நட் போட்டு, கைநூல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். 50 கிலோமீற்றர் ஓடியதும் அடியில் போய் நட்டுகளை மறுபடி பாருங்கள். கப்கள் எதையாவது தொட முடியாத அளவுக்குச் சுட்டால் உள்ளே இறுக்கம் இருக்கிறது, திரும்பக் கழற்ற வேண்டும்.