உதிரிப் பழம் பொறுக்கப் பழகுங்கள்

வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் "இந்த வாரம் ஆண்டவர் என்ன கற்றுக்கொடுத்தார், யாராவது ஒருத்தர் சொல்லுங்க" என்று கேட்டதும் எல்லாரும் பாயில் இருக்கும் கோடுகளை எண்ண ஆரம்பித்துவிடுவோம். பெரிய வியாதியிலிருந்து எழுந்து வந்தவருக்குச் சொல்ல சாட்சி இருக்கும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், வந்து, சாப்பிட்டுத் தூங்குகிறவருக்கு என்ன இருக்கும்? இருக்கிறது, எடுக்கத்தான் தெரியவில்லை. நான் பல வருஷமாகத் தப்புத்தப்பாகச் செய்து பழகியதை இங்கே எழுதுகிறேன், உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், பத்தாங் பெர்சுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பேரை மாற்றினார்கள், ஆனால் வாயில் வருவது இன்னும் பழைய பேர்தான். மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கும் எண்ணெய்ப் பனை, நட்டது 1917-இல், இங்கே இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். பேர் தென்னமரம், நட்டது செம்பனை. இதில் ஒரு ஆவிக்குரிய பாடம் இருக்குமோ என்று உங்கள் மூளை ஓடினால் தயவுசெய்து நிறுத்துங்கள், எல்லாவற்றிலும் பாடம் தேடுவது ஒரு வியாதி, எனக்கும் இருந்தது.

என் அம்மா செம்பனைத் தோட்டத்தில் இருபது வருஷம் உதிரிப் பழம் பொறுக்கியவர். குலை வெட்டுகிறவர் நீளக் கழியில் கட்டிய அரிவாளால் இழுத்ததும் குலை தொப்பென்று விழும், பழங்கள் நாலா பக்கமும் தெறிக்கும், மட்டை இடுக்கில், புல்லுக்குள், போன மழைக்குத் தேங்கிய சேற்றில். அம்மா குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் தேய்த்துவிட்டுக் கோணியில் போடுவார். அவசரக்காரர்கள் விளக்குமாற்றால் கூட்டி அப்படியே அள்ளிவிடுவார்கள், கோணி சீக்கிரம் நிறையும், ஆனால் பாதி கல்லும் சருகும், மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கிற கங்காணி, பார்த்தால் திரும்பக் கொட்டிப் பொறுக்கச் சொல்வார். உதிர்ந்து கிடக்கிறதே என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது, நன்றாகப் பழுத்து எண்ணெய் கட்டியது அதுதான்.

குப்பை சேராமல் பொறுக்குவதுதான் முதல் வேலை. அதாவது, அன்றைக்கு நடந்ததில் ஒன்றை எடுத்து, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கைப்பேசியில் எழுதினாலும் சரி, மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாலும் சரி. வசனம் வேண்டாம், பாடம் வேண்டாம், "கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" வேண்டவே வேண்டாம்.

என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: "ரொட்டி சானாய் கடையில் மிச்சக் காசு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிள் வரைக்கும் போய்விட்டேன். திரும்பி வந்து கொடுத்தேன். கொடுக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன்." இதையே நான் முன்பு எழுதியிருந்தால் "இன்று நேர்மையாக நடக்க ஆண்டவர் கிருபை செய்தார்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன், எல்லாரும் ஆமென் சொல்லியிருப்பார்கள், விஷயம் அத்தோடு போயிருக்கும். அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அது விளக்குமாற்றில் வராது, விரலால் பொறுக்கினால்தான் வரும். மூன்று வாரம் கழித்து மத்தேயு 6 வாசிக்கும்போது, மனுஷர் காண வேண்டுமென்று தர்மம் செய்யாதீர்கள் என்ற இடத்தில் எனக்கு முகம் சுட்டது. அந்த இரண்டு வெள்ளி தர்மம்கூட இல்லை, அடுத்தவன் காசு.

இது நானாகக் கண்டுபிடித்த முறை இல்லை. எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் முதல் அதிகாரத்தில் கர்த்தர் அவரிடம் கேட்கிற கேள்வியைக் கவனியுங்கள்: "எரேமியாவே, நீ என்னத்தைக் காண்கிறாய்?" என்ன புரிந்தது என்று கேட்கவில்லை. அவரும் "வாதுமைமரத்தின் கிளையைக் காண்கிறேன்" என்று கண்டதைச் சொல்கிறார், அவ்வளவுதான். "நீ கண்டது சரியே" என்று கர்த்தர் சொன்ன பிறகுதான், தம் வார்த்தையை நிறைவேற்ற விழித்துக் காத்திருக்கிறார் என்ற விளக்கமே வருகிறது. எபிரெய மொழியில் வாதுமைக்கு ஷாகேத், விழித்துக் காத்திருப்பதற்கு ஷோகேத் என்று இரண்டும் ஒட்டி ஒலிக்கும், தமிழில் வாசிக்கும்போது அந்த ஒலி விளையாட்டு தெரியாது. மரத்தைச் சரியாகப் பார்க்காமல் ஏதோ ஒரு கிளை என்று சொல்லியிருந்தால் அந்த வார்த்தைக்கு இடமே இருந்திருக்காது.

அடுத்தது காத்திருப்பது. குலை வெட்டுகிறவர் மேலே பார்ப்பதற்கு முன் கீழே பார்ப்பார், மரத்தடியில் சில பழங்கள் தானாக உதிர்ந்து கிடந்தால்தான் குலை பழுத்திருக்கிறது என்று அர்த்தம், இல்லாவிட்டால் அடுத்த சுற்றுக்கு விட்டுவிடுவார், பத்துப் பதினான்கு நாளில் திரும்ப வரத்தானே போகிறார். எழுதியதையும் அப்படி விட்டுவிடுங்கள். புதன் ராத்திரி நடந்ததை வியாழக்கிழமை பாடமாக்கிப் பரிமாற வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம் வேதத்தோடு வைத்துப் பார்ப்பது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறோம், ஏனென்றால் நாம் ஏற்கெனவே முடிவு செய்த பாடத்துக்கு ஒரு வசனத்தைத் தேடிப்பிடித்து மேலே ஒட்டிவிடுகிறோம். வசனத்தை மட்டும் எடுக்காமல் அந்தப் பகுதி முழுவதையும் வாசியுங்கள். தோசை மாவு பொங்கியதைப் பார்த்து ஒரு தடவை நான் மத்தேயு 13:33-ஐச் சொன்னேன், ஒரு ஸ்திரீ புளித்த மாவை மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள் என்ற உவமை. சின்னது பெரிதாகும் என்று பேசி முடித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, தமிழில் மூன்றுபடி என்று வாசித்ததும் பாட்டி வீட்டு அரிசிப் படி நினைவுக்கு வருகிறதே, அது இல்லை இது. அங்கே சொல்லும் அளவு சுமார் 27 கிலோ மாவு, நூறு பேருக்கு மேல் சாப்பிடலாம். ஒரு வீட்டுக்காகவா அவள் பிசைந்தாள்? என் தோசை நாலு பேருக்கு. உவமை நான் நினைத்ததைவிடப் பெரிய பந்தியைப் பற்றியது, நான் அதை என் சட்டிக்குள் அடக்கிவிட்டேன்.

இனி சொல்லப்போவது எனக்குச் சுலபமாக எழுத வருவதில்லை. எங்கள் வீட்டு வரிசையில் ஒரு அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்கு வராமல் ஓவர்டைம் பார்ப்பார், ஒரு ஞாயிறு செம்பனை லாரிக்குப் பின்னால் மோட்டாரில் விழுந்து கால் முறிந்தது. அந்த வியாழன் நான் அதைப் பாடமாகச் சொன்னேன். பேர் சொல்லவில்லை, ஆனால் பேர் சொல்ல வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது, சின்ன ஊர். அவர் மனைவி கதவோரம் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார், எனக்கும் ஊற்றினார், "அவரு ஓவர்டைம் பார்க்கிறது மூத்தவ காலேஜ் பீஸுக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தக் கோப்பையை நான் குடித்தேனா இல்லையா என்று இன்றைக்கும் நினைவில்லை.

லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, அப்படியல்ல என்கிறார், உடனே கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். ஆகவே என் சட்டம் இதுதான்: அடுத்தவரின் கஷ்டத்திலிருந்து பாடம் எடுத்தால் அது என்னைக் குத்த வேண்டும், அவரைக் குத்தினால் அதை நோட்டிலேயே அடித்துவிட வேண்டும்.

சொல்லும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள், பார்த்ததைச் சொல்லுங்கள், வசனத்தை வாசியுங்கள், உட்காருங்கள். "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்னவென்றால்" என்று ஆரம்பித்தால் பின்வரிசையில் கைப்பேசி வெளியே வந்துவிடும், நானும் எடுப்பேன்.

இன்னொன்று, தோட்ட வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு வேதத்தில் சில இடங்கள் தனியாகத் திறக்கும், அதைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறதும், சாயங்காலம் ஐந்து மணிக்கும் சந்தையில் நிற்கிறவர்கள் ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை என்று சொல்வதும், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் வாசிக்காமல் திரும்பி வந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். கடைசியில் வந்தவர்களுக்கும் அதே கூலி என்றதும் முதலில் வந்தவர்கள் முணுமுணுப்பதும் புரியும், சம்பள நாளில் கேட்டு வளர்ந்த சத்தம்தானே. அப்படிப்பட்ட பகுதியை வாசிக்கும்போது வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள், அவர்களிடம் இருக்கும் உதிரிகள் நம்மிடம் இல்லை.

ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகு இயேசு, ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள் என்று சொன்னதை வாசித்த ராத்திரி நான் அப்படித்தான் கேட்டேன். "அம்மா, அவ்வளவு வருஷம் குனிஞ்சு பொறுக்கும்போது மனசுல என்ன நினைப்பீங்க?" பெரிதாக ஏதோ வரும் என்று நோட்டைக்கூடத் திறந்து வைத்திருந்தேன்.

அம்மா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இடுப்பு வலிக்கும்" என்றார்.

அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் வசனத்துக்கு விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.