டக்ஸ் டைப்பிங்கைப் புதுக் கணினியில் நேரடியாக ஓட்டுவது எப்படி

மேலிருந்து மீன்கள் விழும், ஒவ்வொரு மீன் மேலும் ஓர் எழுத்தோ சொல்லோ இருக்கும், அதைச் சரியாகத் தட்டினால் கீழே நிற்கிற பென்குயின் ஓடிவந்து மீனைச் சாப்பிடும். அதுதான் டக்ஸ் டைப்பிங். அதிலேயே காமெட் ஜாப் என்று இன்னொரு ஆட்டமும் உண்டு, அதில் வானத்திலிருந்து வருகிற வால்நட்சத்திரங்களைத் தட்டச்சால் சுட வேண்டும். டக்ஸ்4கிட்ஸ் என்ற தன்னார்வலர் குழு சி மொழியில் எழுதி, மூலநிரலோடு இலவசமாக விட்ட விளையாட்டு இது. விளம்பரம் கிடையாது, கணக்கு தொடங்கச் சொல்லாது, இணையமே வேண்டாம். குழந்தைகளுக்குத் தட்டச்சு பழக்க இதைவிட நல்லதாக நான் எதையும் பார்க்கவில்லை. சிக்கல் என்னவென்றால், இதன் அடித்தளம் பழையது, அதனால் புதுக் கணினியில் சில இடங்களில் முரண்டு பிடிக்கும்.

மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) போட்டு ஓட்டலாமே என்று கேட்பீர்கள். ஓடும். ஆனால் தட்டச்சு விளையாட்டில் விசையை அழுத்துவதற்கும் திரையில் மீன் மறைவதற்கும் இடையே உள்ள நேரம்தான் எல்லாமே. நடுவில் ஒவ்வொரு அடுக்கு சேரும்போதும் அந்தத் தாமதம் கொஞ்சம் கூடும், தாமதம் கூடினால் விரல் குழம்பும், ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டத் தொடங்குவார்கள். புதிதாகப் பழகுகிற பிள்ளைக்கு அது தன் தப்பா கணினியின் தப்பா என்று தெரியாது. அதனால்தான் நேரடியாக ஓட்டுங்கள் என்கிறேன்.

கீழே கட்டளைகளை உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் எதுவானாலும் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டக்ஸ்டைப் (டக்ஸ்டைப் என்பது இடைவெளி இல்லாமல் ஒரே சொல்). ராஸ்பெர்ரி பை கணினியின் இயங்குதளமும் டெபியன் வழி வந்ததுதான் என்பதால் அதிலும் இதே கட்டளை, அதிலுள்ள ஆர்ம் வகைச் சில்லுக்கென்றே கம்பைல் செய்த, அதாவது மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிய, பதிப்பு வந்து இறங்கும். முடிந்ததும் மெனுவில் கல்வி அல்லது விளையாட்டுப் பிரிவில் பாருங்கள், இல்லாவிட்டால் டெர்மினலில் டக்ஸ்டைப் என்று தட்டினால் போதும்.

திறந்ததும் நேராக முழுத்திரைக்குப் போகாதீர்கள். அக்கா வீட்டு மடிக்கணினியில் பழைய லினக்ஸ் இருந்தது, அதில் விளையாட்டு பாதியில் நின்றுபோக, திரை 640க்கு 480 அளவிலேயே மாட்டிக்கொண்டது, ஐகான்கள் எல்லாம் பூதாகரமாகி மூலையில் குவிந்துவிட்டன, கணினியே கெட்டுவிட்டது என்று பிள்ளை அழுதுவிட்டான். காட்சி அமைப்புக்குப் போய்த் திரை அளவை மாற்றியதும் சரியாகிவிட்டது. முதலில் சாளரத்தில் ஓட்டிப் பாருங்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தால் எஃப்10 விசையை அழுத்தி முழுத்திரைக்கு மாறலாம்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற சிக்கல்களும் புரியும். டக்ஸ் டைப்பிங் எஸ்டிஎல் 1.2 என்ற லைப்ரரியை நம்பி எழுதப்பட்டது. திரை, ஒலி, விசைப்பலகை மூன்றையும் விளையாட்டுக்கு எடுத்துக்கொடுப்பது அதுதான். அதன் கடைசி வெளியீடு 2012ஆம் ஆண்டில் வந்த 1.2.15, மறு ஆண்டே எஸ்டிஎல் 2 வந்துவிட்டது, 2025இல் எஸ்டிஎல் 3. பழைய எஸ்டிஎல் முழுத்திரை கேட்டால் மானிட்டரின் அளவையே மாற்றிவிடும், புது லினக்ஸ்கள் திரையில் படம் காட்டப் பயன்படுத்தும் வேலாண்ட் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இதற்கு ரயன் கார்டன் என்ற நிரலாளர் முன்னின்று செய்த அருமையான தீர்வு எஸ்டிஎல்12-காம்பேட். வெளியே பார்த்தால் 1.2 போலவே இருக்கும், விளையாட்டு கேட்பதையெல்லாம் உள்ளே எஸ்டிஎல் 2க்கு மொழிபெயர்த்து அனுப்பும், மானிட்டரைத் தொடாமல் படத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். விளையாட்டின் நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். ஃபெடோரா 2021இல் வந்த 35ஆம் பதிப்பிலேயே பழையதை எடுத்துவிட்டு இதை வைத்துவிட்டது. உங்கள் லினக்ஸ் களஞ்சியத்தில் (ஆப்ட் போன்ற கட்டளைகள் மென்பொருளை எடுத்துவரும் இடம்) இந்தப் பெயரில் தொகுப்பு இருந்தால் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், முழுத்திரைக் கோளாறுகளில் பெரும்பாலானவை அத்தோடு போய்விடும்.

களஞ்சியத்தில் விளையாட்டே இல்லையென்றால் நாமே கம்பைல் செய்ய வேண்டியதுதான். பயப்படாதீர்கள். மூலநிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் டக்ஸ்4கிட்ஸ் பக்கத்தில் டி4கே காமன் என்று ஒரு பொது லைப்ரரியும் விளையாட்டின் மூலநிரலும் தனித்தனியாக இருக்கும். முதலில் லைப்ரரி, அப்புறம் விளையாட்டு, இந்த வரிசை மாறினால் கன்ஃபிகர் கட்டத்திலேயே நின்றுவிடும். டெபியன் வகையில், களஞ்சியத்தில் விளையாட்டின் மூலநிரல் தொகுப்பாவது இருந்தால், சூடோ ஆப்ட் பில்டு-டெப் டக்ஸ்டைப் என்று கொடுத்தால் தேவையான எல்லா லைப்ரரிகளும் ஒரே அடியில் வந்துவிடும், ஆனால் அதற்கு முன்னால் மென்பொருள் மூலங்கள் அமைப்பில் மூலநிரல் என்ற பெட்டியில் டிக் செய்திருக்க வேண்டும். பிறகு ஆட்டோரீகான்ஃப், கன்ஃபிகர், மேக், சூடோ மேக் இன்ஸ்டால், வழக்கமான நான்கு படிகள்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் புதிய கம்பைலர்கள் பழைய சி நிரலிடம் கறாராக நடந்துகொள்கின்றன. லினக்ஸில் வழக்கமான சி கம்பைலர் ஜிசிசி. ஜிசிசி 10 (2020) முதல், ஒரே மாறியை இரண்டு கோப்புகளில் வரையறுத்திருந்தால் மல்டிப்பிள் டெஃபினிஷன் என்று பிழை வரும். ஜிசிசி 14 (2024) முதல், அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் முன்பு போல வெறும் எச்சரிக்கை கிடையாது, அதுவும் பிழைதான். ஜிசிசி 15இல் சி மொழியின் புதிய தரமான சி23 இயல்பாகிவிட்டதால் பூல், ட்ரூ, ஃபால்ஸ் போன்ற பெயர்களைச் சொந்தமாக வரையறுத்த பழைய நிரல்கள் உடையும். இவற்றில் எதுவுமே விளையாட்டு கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. கன்ஃபிகர் கட்டளையின் பின்னால் சிஃப்ளாக்ஸ் (இது மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்) என்ற மாறியைக் கொடுத்து, முதல் பிழைக்கு -எஃப்காமன், மூன்றாவதற்கு -எஸ்டிடி=குனு17 என்று சேருங்கள். இரண்டாவதற்கு எந்த ஹெட்டர் கோப்பு விட்டுப்போயிற்று என்று கம்பைலரே சொல்லும், அந்த ஒரு இன்க்லூட் வரியைக் கோப்பின் தலையில் சேர்ப்பதுதான் முறையான வைத்தியம்.

எல்லாம் முடிந்து ஓட்டும்போது லைப்ரரியைக் காணோம் என்று சொன்னால் சூடோ எல்டிகான்ஃபிக் ஒரு முறை கொடுங்கள். புதிதாக நிறுவியதைக் கணினி கவனித்திருக்காது, அவ்வளவுதான்.

விண்டோஸுக்குப் பழைய 32 பிட் நிறுவி இருக்கிறது. விண்டோஸ் 11 வெறும் 64 பிட்டாகத்தான் வருகிறது என்றாலும் 32 பிட் நிரல்களை ஓட்டும் ஏற்பாடு அதிலேயே இருப்பதால் தனியாக ஒன்றும் போட வேண்டாம். நீலப் பெட்டி வந்து தடுத்தால் அது வைரஸ் என்று அர்த்தமில்லை, கையொப்பமிடாத நிரல் என்பதுதான் பொருள், ஆனாலும் திட்டத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்கியிருந்தால் மட்டுமே மோர் இன்ஃபோ அழுத்தி ரன் எனிவே கொடுங்கள். எழுத்து மங்கலாகவோ சாளரம் பொடியாகவோ இருந்தால் குறுக்குவழியை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, ஹை டிபிஐ அமைப்பு என்று போய் அளவிடுதலை மாற்றிப் பாருங்கள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸ் பதிப்பைப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உள்ளுக்குள் மெய்நிகர் கணினிதான், தாமதம் திரும்ப வந்துவிடும்.

மேக்தான் கடினம். 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளத்தோடு ஆப்பிள் 32 பிட்டை முழுதாகக் கைவிட்டது, ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்குகளில் இன்டெல் நிரல்களை ஓட்டித் தரும் ரொசெட்டா 2 மொழிபெயர்ப்பதும் 64 பிட் இன்டெல் நிரல்களை மட்டுமே. ஆகவே பழைய 32 பிட் மேக் கோப்பு கையில் இருந்தாலும் பயனில்லை, கம்பைல் செய்வது ஒன்றுதான் வழி. எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகளைப் போட்டுவிட்டு, எஸ்டிஎல் 1.2 காலத்துப் படம், ஒலி, எழுத்துரு லைப்ரரிகளை மேக்போர்ட்ஸ் என்ற மேக்குக்கான மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எடுங்கள். அவை ஓபிடி என்ற கோப்புறைக்குள் லோக்கலில் போய் உட்காரும், கன்ஃபிகர் தானாக அங்கே தேடாது, இன்க்லூட், லிப் இரண்டு பாதைகளையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு மாலை நேரத்தை இதற்கென்று ஒதுக்கிவிட்டு உட்காருங்கள்.

நம் ஆட்களுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை ஆனில் இருந்தால், நீங்கள் எத்தனை முறை தட்டினாலும் மீன் அசையாது, விளையாட்டு உறைந்துவிட்டது போலத் தோன்றும். அது விசையின் எண்ணைப் பார்ப்பதில்லை, வந்து சேருகிற எழுத்தைப் பார்க்கிறது, ஆங்கில எழுத்துக்குக் காத்திருக்கும்போது தமிழ் எழுத்து வந்தால் பொருந்தாது. விளையாட்டைத் திறக்கும் முன்பே ஆங்கிலத்துக்கு மாறிவிடுங்கள்.

ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாகச் சொந்தச் சொல்பட்டியல் ஒன்று செய்யுங்கள். பட்டியல் என்பது சாதாரண உரைக்கோப்புதான், முதல் வரியில் பட்டியலின் பெயர், அடுத்து வரிக்கு ஒரு சொல். விளையாட்டுக்குள்ளேயே பட்டியலைத் திருத்தும் மெனுவும் உண்டு. நடு வரிசை விசைகளால் மட்டுமே ஆன ஆங்கிலச் சொற்களில் தொடங்குங்கள்: ஆஸ்க், சாலட், ஃபால், கிளாஸ் (வகுப்பு அல்ல, கண்ணாடி). ஒரு வாரம் அதுவே போதும். பிறகு பிள்ளையின் பெயர், தம்பி பெயர், வீட்டு நாயின் பெயர் எல்லாவற்றையும் சேருங்கள். தன் பெயர் மீன் மேல் எழுதி விழுவதைப் பார்த்த அன்று அக்கா மகன் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.