நீலகிரி நூல்கள் ஒரே அலமாரியில் இருக்காது

நீலகிரி மலையில் வாழும் தோடர், கோத்தர், படகர் பற்றிய கட்டுரைக்காகக் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். கணினிப் பட்டியலில் 'நீலகிரி' என்று தட்டினால் சுற்றுலாக் கையேடுகளும் தேயிலை வளர்ப்பு நூல்களும்தான் வந்தன. எனக்கு வேண்டியவை பல இடங்களில் பிரிந்து கிடந்தன.

வழி காட்டியது நிர்வாக வரலாறு. 1868 வரை நீலகிரி தனி மாவட்டமே அல்ல, கோயம்புத்தூரோடு சேர்ந்திருந்தது. இடையில் 1830 முதல் 1843 வரை மலையின் பெரும்பகுதி மலபாரின் கீழ் இருந்தது. அதனால் உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவன் காலத்துச் செய்திகளைக் கோயம்புத்தூர், மலபார் தொகுப்புகளில் தேடினேன். கிடைத்தன.

மக்களைப் பற்றியவற்றுக்கு வேறு அலமாரிகள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூவி வகைப்பாட்டில் இனக்குழுக்களுக்கு 305.8, திராவிட மொழிகளுக்கு 494.8. தோடர்கள் புனிதமாகக் கருதும் பால்மனைகளின் சடங்குகளை விரிவாகப் பதிந்த மானிடவியலாளர் ரிவர்ஸின் 1906ஆம் ஆண்டு நூல் 305.8 வரிசையில் இருந்தது. மொழியியலாளர் எமனோ தொகுத்த தோடர் பாடல்கள் (1971) மொழியியல் பக்கம் இருந்தன. என்னைக் கேட்டால், அதுதான் எல்லாவற்றிலும் அருமையான பண்பாட்டு ஆவணம். எருமை, மந்து (தோடர் குடியிருப்பு), திருமணம், சாவு என்று எல்லாவற்றையும் பாடிய ஒரு சிறு சமூகத்தின் குரல் அதில் அப்படியே கேட்கிறது. வெளியார் எழுதிய வருணனைகளை அதற்குப் பிறகு படிப்பதே நல்லது.

இந்தப் பழைய நூல்கள் பெரும்பாலும் குறிப்புதவிப் பகுதியில்தான் இருக்கும், வீட்டுக்குத் தரமாட்டார்கள். தேவையான பக்கங்களைப் படமெடுக்க நூலகரிடம் முன்பே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.